சம்பளம் 21,000 தாண்டினால் இஎஸ்ஐ போயிடும்: கையில் இருக்கிற ஒன்பது மாதத்தில் என்ன செய்யணும்?



ஏப்ரல், ஜூலை மாதங்கள் வந்தாலே இன்க்ரிமென்ட் பேச்சுதான். சம்பளம் ஏறினா சந்தோஷம்தான், யாரும் வேண்டாம்னு சொல்லப்போறதில்லை. ஆனா 18,000, 20,000 ரூபாய் சம்பளத்தில் இருந்து 22,000, 23,000-க்கு ஏறுகிறவர்களுக்கு, அந்த சந்தோஷத்தோட சேர்ந்து ஒரு இழப்பும் வருது. பே ஸ்லிப்பில் "இஎஸ்ஐ" என்ற வரி ஒரு மாதம் காணாமப் போகும். பிடித்தம் நின்னதால கைக்கு நூத்தி எழுபது ரூபாய் கூட வரும். பெரும்பாலானவங்க அதைக் கவனிக்கக்கூட மாட்டாங்க.

அந்த நூத்தி எழுபது ரூபாய்தான் உங்க குடும்பத்துக்கே மருத்துவப் பாதுகாப்பா இருந்தது. அது எப்ப முடியுது, அதுக்குள்ள நீங்க என்ன ஏற்பாடு செய்யணும் என்பதைத்தான் இந்தப் பதிவில் கணக்குப் போட்டுப் பார்க்கப்போறோம்.

இஎஸ்ஐ-யில் ரின்யூவல் எப்படி நடக்குது?

இஎஸ்ஐ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த திட்டம். இப்போதைய சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2017 ஜனவரி 1 முதல் இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. 2019 ஜூலை முதல் உங்க பங்கு 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம்.

வருஷா வருஷம் ஃபார்ம் எழுதி ரின்யூ பண்ணும் வேலை இதில் கிடையாது. பணம் கட்டும் நாட்கள்தான் ரின்யூவல். வருஷத்தை ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க:

- ஏப்ரல் 1 – செப்டம்பர் 30 கட்டிய பணத்துக்கு, அடுத்த வருஷம் ஜனவரி 1 – ஜூன் 30 பலன்.
- அக்டோபர் 1 – மார்ச் 31 கட்டிய பணத்துக்கு, அந்த மார்ச்சுக்கு அடுத்து வரும் ஜூலை 1 – டிசம்பர் 31 பலன்.

ஒரு ஆறு மாத காலத்தில் குறைஞ்சது 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தா, அதற்கான பலன் காலம் முடியும் வரை மருத்துவச் சிகிச்சை உண்டு. இந்த 78 என்ற எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சம்பளம் வரம்புக்குள்ளேயே இருக்கிறவங்களும் மூணு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, வேலை மாறும்போது பழைய இஎஸ்ஐ எண்ணையே புதுக் கம்பெனியில் கொடுங்க. புது எண் போட்டா நீங்க கட்டிய நாட்கள் ரெண்டு இடத்தில் சிதறிப் போகும்.

ரெண்டு, அப்பா, அம்மா, மனைவி, குழந்தை பெயரெல்லாம் சேர்த்திருக்கான்னு பாருங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆன பிறகும் மனைவி பெயரைச் சேர்க்காம இருக்கிறவங்க நிறைய பேர்.

மூணு, சம்பளத்தில் பிடிச்ச பணம் நிஜமாவே கட்டப்படுதான்னு உமாங் செயலியில் பாருங்க. ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டணும். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து, செயலியில் பதிவு இல்லைன்னா முதலில் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்க. பதில் வரலைன்னா இஎஸ்ஐசி-யின் இலவச எண் 1800-11-2526.

சரி, எப்ப முடியுது?

இதில்தான் குழப்பம் அதிகம். "சம்பளம் ஏறின மாசமே இஎஸ்ஐ கட்" என்று நினைக்கிறவங்க உண்டு. அது தப்பு.

ஒருத்தரை உதாரணமா எடுத்துக்குவோம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வயசு 26. சம்பளம் 20,800 ரூபாய். அவர் பங்கு 156 ரூபாய், கம்பெனி பங்கு 676 ரூபாய், மொத்தம் மாதம் 832 ரூபாய் போகுது. ஜூலை மாதம் சம்பளம் 22,500 ஆகுது. என்ன நடக்கும்?

1. ஜூலையில் வரம்பு தாண்டியாச்சு. ஆனா நடப்பு ஆறு மாத காலம் செப்டம்பர் 30 வரை. அதனால் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும், அதுவும் முழு 22,500-க்கு. அவர் பங்கு 169 ரூபாய்.
2. அக்டோபர் சம்பளத்தில் இருந்து பிடித்தம் நிக்கும்.
3. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முந்தைய ஆறு மாதத்துக்குக் கட்டிய பணத்தின் பலன் ஓடும்.
4. ஏப்ரல் – செப்டம்பர் கட்டியதற்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை மருத்துவச் சிகிச்சை கிடைக்கும்.

ஆக, பிடித்தம் நின்னதுக்குப் பிறகும் ஒன்பது மாதம் இருக்கு. ஏப்ரலில் இன்க்ரிமென்ட் வாங்குகிறவங்களுக்கும் இதே கணக்குதான்: கடைசிப் பிடித்தம் மார்ச், சிகிச்சை டிசம்பர் 31 வரை.

இங்கேதான் 78 நாள் கணக்கு வருது. ஆகஸ்டில் முதல்முறையா வேலைக்குச் சேர்ந்து, அக்டோபரிலேயே சம்பளம் வரம்பு தாண்டினா, கட்டிய நாட்கள் 61-தான். அவருக்கு இந்த ஒன்பது மாதம் நிச்சயம்னு சொல்ல முடியாது. வேலையை விட்டவங்களும் இதே மாதிரி நாட்களை எண்ணிப் பார்க்கணும்.

இன்னொரு விஷயம். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் காசு சேராது. ஒரு மாதம் ஓவர்டைம் பார்த்து 23,000 வாங்கினீங்க என்பதற்காக இஎஸ்ஐ போயிடாது. அதோட, 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த பிறகு, "ஊதியம்" என்பதற்கான விளக்கமே மாறியிருக்கு. வீட்டு வாடகைப் படி மாதிரி சில படிகளைக் கழிக்கலாம். ஆனா கழிக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினா, தாண்டின பகுதி திரும்ப ஊதியத்திலேயே சேரும். அதனால் ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஹெச்ஆரிடம் ஒரே கேள்வி கேளுங்க: "இஎஸ்ஐ கணக்குக்கு என் ஊதியம் எவ்வளவு? கடைசிப் பிடித்தம் எந்த மாதம்?"

போனா என்ன போகுது?

இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் காத்திருக்கிறது, மருந்துக்கு வரிசையில் நிக்கிறது, இதையெல்லாம் பார்த்து "இது போனா போகட்டும்" என்று சொல்றவங்க உண்டு. அந்தக் குறைகள் எல்லாம் உண்மைதான். ஆனா விடுவதற்கு முன்னாடி, கையில் என்ன இருந்ததுன்னு ஒரு பட்டியல் போடுங்க.

- சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. மூணு லட்சம், அஞ்சு லட்சம் என்று ஒரு கோடு இல்லை.
- உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா, அம்மாவுக்கும் உண்டு. அவங்க வயசைப் பார்த்துப் பணம் கூடாது.
- ஏற்கெனவே சர்க்கரை இருக்கா, பிபி இருக்கா என்று கேட்டுக் காத்திருக்க வைக்க மாட்டாங்க.
- ஆஸ்பத்திரியில் படுக்காமலேயே மாத்திரை, ரத்தப் பரிசோதனை கிடைக்கும்.
- உடம்பு சரியில்லாம சம்பளம் இல்லா விடுப்பில் இருந்தா, 78 நாள் நிபந்தனையோட, வருஷத்தில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் பணமாகக் கிடைக்கும்.
- பெண்களுக்கு 26 வாரப் பேறுகால ஊதியத்தை இஎஸ்ஐயே கொடுக்கும். வெளியே வந்த பிறகு அந்தப் பொறுப்பு சட்டப்படி கம்பெனியைச் சேரும்.

இந்த அஞ்சாறையும் சேர்த்துத் தரும் தனியார் பாலிசி எதுவும் கடையில் கிடையாது. அதனால் மாற்று என்பது ஒரே பொருள் இல்லை. ரெண்டு மூணு ஏற்பாட்டைச் சேர்த்துத்தான் அந்த இடத்தை நிரப்பணும்.

ஏன் இப்பவே? ஜூன் வரைக்கும்தான் டைம் இருக்கே!

இந்தப் பதிவின் முக்கியமான இடம் இது. நல்லா கவனிங்க.

தனியார் இன்ஷூரன்ஸில் வெயிட்டிங் பீரியட் என்று ஒண்ணு உண்டு. பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்து தவிர வேற எதுக்கும் க்ளைம் கிடைக்காது. ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று மாதிரி பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் காத்திருக்கும் காலம் உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அப்படியே. 2024 ஏப்ரல் முதல் இது அதிகபட்சம் 36 மாதம் என்று ஒழுங்குமுறை ஆணையம் குறைச்சிருக்கு. அதுக்கு முன்னாடி 48 மாதம்.

ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து இன்னொன்றுக்குப் போர்ட் பண்ணினா, காத்திருந்த மாதங்கள் கணக்கில் வரும். ஆனா இஎஸ்ஐ-யில் நீங்க இருந்த வருஷங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆறு வருஷம் இஎஸ்ஐ கட்டியிருந்தாலும், தனியார் பாலிசியில் உங்க கடிகாரம் பூஜ்யத்தில் இருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

நம்ம அம்பத்தூர் உதாரணத்துக்கே வருவோம். அம்மாவுக்கு 54 வயசு, நாலு வருஷமா சர்க்கரை. அக்டோபரிலேயே அம்மாவுக்குப் பாலிசி எடுத்தா, இஎஸ்ஐ முடியும் ஜூன் 30-க்குள் 36 மாதத்தில் ஒன்பது மாதம் கழிஞ்சிருக்கும். அந்த ஒன்பது மாதமும் ஏதாவது ஆனா இஎஸ்ஐ கைகொடுக்கும். ஜூலையில் எடுத்தா? 36 மாதமும் முழுசா பாக்கி, அடியில் தாங்க எதுவும் இல்லை. அந்த நேரத்தில் சர்க்கரையால் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆச்சுன்னா, பில் முழுசும் கடன்தான்.

அதனாலதான் சொல்றேன்: பழைய பாதுகாப்பு உயிரோட இருக்கும்போதே புதுக் கடிகாரத்தை ஓட விடுங்க. சம்பளம் 19,000 தாண்டிய உடனேயே இதை யோசிக்க ஆரம்பிச்சா இன்னும் நல்லது.

மாற்று 1: கம்பெனி குரூப் பாலிசி

இஎஸ்ஐ-யில் இருந்து வெளியே வந்ததும், பல கம்பெனிகள் குரூப் பாலிசியில் சேர்த்துக்கும். தானா நடக்கும்னு நம்பாம, இந்த நாலையும் கேட்டு வாங்குங்க: எந்தத் தேதியில் இருந்து சேர்க்கிறாங்க? தொகை எவ்வளவு? பெற்றோர் உண்டா? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளில் இருந்தே உண்டா?

கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தா, பெற்றோரைச் சேர்க்கக் கூடுதல் பணம் கேட்டாலும் சேர்த்துடுங்க. ஆனா வேலை போனா இந்தப் பாலிசியும் போகும். அதனால் இதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

மாற்று 2: உங்க சொந்தப் பாலிசி

உங்களுக்கு, கல்யாணம் ஆகியிருந்தா மனைவி அல்லது கணவருக்கும் சேர்த்து, ஒண்ணு. பெற்றோருக்குத் தனியா ஒண்ணு. எல்லாரையும் ஒரே ஃப்ளோட்டரில் போட்டா, அதில் மூத்தவர் வயசை வச்சுத்தான் பிரீமியம் போடுவாங்க. அவங்களுக்கு ஒரு பெரிய செலவு வந்தா உங்க பங்கும் சேர்ந்து கரைஞ்சிடும்.

வாங்கும்போது பிரீமியத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறைக்கு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய்தான் என்று வரம்பு இருக்குன்னு வைங்க. நீங்க 6,000 ரூபாய் அறையில் தங்கினா, கூடுதல் 3,000 மட்டும் உங்க தலையில் விழும்னு நினைப்பீங்க. அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகும். அந்த வகையில் 1,20,000 ரூபாய் பில் வந்தா, 60,000 உங்க கையில் இருந்து போகும்.

ரெண்டாவது, கோ-பே, அதாவது ஒவ்வொரு க்ளைமிலும் நீங்க போட வேண்டிய பங்கு. பெற்றோர் பாலிசிகளில் இது சகஜம். எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே மாதிரி விதிகளோட வந்த "ஆரோக்கிய சஞ்சீவனி" பாலிசியில் இது 5 சதவீதம். அறை வாடகை, தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். மற்ற பாலிசிகளை ஒப்பிட இதை ஒரு அளவுகோலா வச்சுக்கலாம்.

மூணாவது, நோயை மறைக்காதீங்க. "சர்க்கரைன்னு சொன்னா பிரீமியம் கூடும், போட வேண்டாம் தம்பி" என்று ஏஜென்ட் சொன்னாலும் போடுங்க. இஎஸ்ஐ டிஸ்பென்சரி சீட்டிலேயே நாலு வருஷ மாத்திரை விவரம் இருக்கு. மறைச்சது தெரிஞ்சா க்ளைமும் போகும், பாலிசியும் போகும்.

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் விதிகளைப் படிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா அந்தக் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கலாம்.

பெற்றோருக்கு அரசு வழி உண்டா?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. மாதம் 22,500 வாங்கும் நீங்க அதே குடும்ப அட்டையில் இருந்தா வருஷ வருமானம் 2,70,000, தகுதி வராது. பெற்றோர் ஊரில் தனியா, தனிக் குடும்ப அட்டையோட, அந்த வருமானத்துக்குள் இருந்தா அவங்க விண்ணப்பிக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போகணும். இதுக்காகப் பொய்யா வருமானச் சான்று வாங்கும் வேலை மட்டும் வேண்டாம்.

தகுதி வராதவங்களுக்கும் அரசு ஆஸ்பத்திரி இருக்கு. மாதாந்தர பிபி, சர்க்கரை மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021-இல் தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டமும் இருக்கு. இஎஸ்ஐ போனதும் நிக்கிற மாத்திரைச் செலவை இது ஓரளவு ஈடுகட்டும். சாலை விபத்துன்னா, "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை உண்டு.

காசுக்கு எங்கே போறது?

உங்களுக்காக மாதம் 832 ரூபாய் போய்க்கிட்டு இருந்தது, வருஷத்துக்கு 9,984. அதில் உங்க கைக்காசு 156 ரூபாய்தான். இனிமே முழுசும் நீங்கதான். நம்ம உதாரணத்தில் சம்பளம் 1,700 ரூபாய் ஏறியிருக்கு. ஏறினதில் பாதி, மாதம் 850 ரூபாயை, இஎம்ஐ எதுவும் தொடங்குவதற்கு முன்னாடியே இன்ஷூரன்ஸுக்கு என்று ஒதுக்கிடுங்க. உங்க சொந்தப் பாலிசிக்கு அதில் இருந்து தொடங்கலாம். பெற்றோர் பாலிசிக்குத் தனியா சேர்க்கணும். கூடப் பிறந்தவங்க இருந்தா பங்கு போட்டுக்குங்க.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்னாடி 18 சதவீதம் இருந்தது. பழைய விலைப்பட்டியலை வச்சு யாராவது ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்னா ஏமாறாதீங்க.

"80டி-யில் வரி மிச்சம், அதுக்காகவே எடுங்க" என்று சொல்லிட்டு யாராவது வருவாங்க. இந்தச் சம்பளத்தில் உங்களுக்கு வருமான வரியே கிடையாது. அதோட அந்தக் கழிவு பழைய வரி முறையில்தான். வரிக்காக இல்லை, ஆஸ்பத்திரி பில்லுக்காக எடுங்க.

இன்ஷூரன்ஸ் ஈடு செய்யாத ஒண்ணு, இஎஸ்ஐ தந்த அந்த 70 சதவீத நோய்க்கால ஊதியம். அதுக்கு மாற்று உங்க சேமிப்புக் கணக்குதான். மூணு மாதச் செலவை அங்கே சேர்க்கிற வரைக்கும் எஸ்ஐபி-யைக் கூடக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பே ஸ்லிப்பில் இஎஸ்ஐ வரி இருக்கா, கடைசிப் பிடித்தம் எப்ப என்று பாருங்க.
2. அந்த ஆறு மாதத்தில் 78 நாள் வந்திருக்கா என்று உமாங் செயலியில் பாருங்க.
3. சிகிச்சை முடியும் தேதியை (ஜூன் 30 அல்லது டிசம்பர் 31) மொபைல் காலண்டரில் போடுங்க.
4. கம்பெனி குரூப் பாலிசியில் சேரும் தேதியை மெயிலில் கேட்டு வாங்குங்க.
5. உங்களுக்கும் பெற்றோருக்கும் தனித்தனிப் பாலிசிக்கு இப்பவே விண்ணப்பிங்க. பெற்றோருக்கு மெடிக்கல் டெஸ்ட் கேட்டா அதுக்கே நாள் ஆகும்.
6. தள்ளிப்போட்ட கண் பரிசோதனை, ஸ்கேன், ஆபரேஷன் எதாவது இருந்தா, இஎஸ்ஐ இருக்கும்போதே முடிச்சுக்குங்க.

உங்க ஆபீஸில் இந்த வருஷம் 21,000 தாண்டப்போறவங்க நாலு பேராவது இருப்பாங்க. அவங்களுக்கு இதை அனுப்புங்க. ஆறு மாதக் கணக்கில் உங்க தேதி எங்கே விழுதுன்னு குழப்பமா இருந்தா, சேர்ந்த மாதம், சம்பளம் ஏறின மாதம், இந்த ரெண்டை மட்டும் கமென்ட்டில் போடுங்க. அடுத்த வீடியோவில் அந்தக் கணக்குகளையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம். அம்மா, அப்பாவோட மருத்துவ விவரத்தை மட்டும் அங்கே எழுத வேண்டாம்.